கொளத்தூரிலிருந்து சாத்தனூர் வரை: டைகர் மீனின் நிறமும் குணமும்

வடசென்னையில் கொளத்தூரின் கலர் மீன் கடைத் தெருக்களில் புறப்பட்டு, திண்டிவனத்தில் மேற்கே திரும்பி, செஞ்சிக் கோட்டைக் குன்றுகளைக் கடந்து திருவண்ணாமலையைச் சேரும் வழி ஏறத்தாழ 200 கிலோமீட்டர். அண்ணாமலையாரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு நன்றாகப் பழகிய வழி. இதே வழியில், பேருந்து இருக்கையின் அடியிலும் வேன்களில் அடுக்கிய தெர்மாகோல் பெட்டிகளிலும், ஆக்சிஜன் நிரப்பிக் கட்டிய பிளாஸ்டிக் பைகளுக்குள் மீன்களும் போய்க்கொண்டிருக்கின்றன. தமிழ்நாட்டின் கலர் மீன் வணிகத்துக்குக் கொளத்தூர்தான் தலைவாசல். அந்தப் பைகளில் போகும் மீன்களில், ஆசையோடு அதிக விலை கொடுத்து வாங்கப்பட்டு, வாங்கியவரை விரைவில் மனம் சோர வைப்பது டைகர் மீன். கடைத் தொட்டியில் பொன் மஞ்சளாக மின்னியது, வீட்டுத் தொட்டிக்கு வந்ததும் கரிபடிந்து ஒரு மூலையில் கிடக்கிறது என்பது இந்த மீனை வளர்ப்பவர்களிடையே ஓயாத முறையீடு. விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்றோ, மீன் சோடை என்றோ தீர்ப்புச் சொல்வதற்கு முன், அந்த மீனோடு சேர்ந்து இந்த 200 கிலோமீட்டரையும் ஒருமுறை கடந்து பார்ப்பது நல்லது. என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: டைகர் மீனின் நிலையான நிறத்தைக் கடையில் வாங்க முடியாது, வீட்டுத் தொட்டியில்தான் அதை உண்டாக்க வேண்டும். கடையில் நின்று பார்க்க வேண்டியது மீனின் நடத்தையை.

கொளத்தூரில் ‘டைகர்’ என்று கேட்டால் பல மீன்களைக் காட்டுவார்கள். ஏழு சென்டிமீட்டர்கூட வளராமல் கூட்டமாகத் திரியும் டைகர் பார்ப் ஒன்று. முப்பது சென்டிமீட்டரைத் தாண்டி வளரும் டைகர் ஆஸ்கர் இன்னொன்று. மீட்டர் நீளம் வரை போகக்கூடிய, தட்டை மூக்குள்ள தென்னமெரிக்கக் கெளுத்தி ஒன்றுக்கும் இதே அடைமொழி உண்டு. மீன் வளர்ப்பில் ஊறியவர்கள் டைகர் என்று குறிப்பது பெரும்பாலும் டாட்னாய்டு இனத்தை: பக்கவாட்டில் தட்டையான உயர்ந்த உடல், அதன் குறுக்கே மேலிருந்து கீழாக இறங்கும் கறுப்புப் பட்டைகள், முன்னால் நீண்டு விரியும் வாய். இந்தப் பேரினத்தில் ஐந்து இனங்கள் அறியப்பட்டிருக்கின்றன. மேகாங், சாவோ பிரயா ஆறுகளைச் சேர்ந்தது சயாமிய டைகர். சுமத்ரா, போர்னியோ ஆறுகளைச் சேர்ந்தது இந்தோனேசிய டைகர். இவையிரண்டிலும் பட்டைகள் அகலமானவை. மேகாங்கிலேயே மெல்லிய பட்டைகளுடன் மூன்றாவது இனம் ஒன்று வாழ்கிறது. நான்காவது நியூ கினியாவுக்கு உரியது. ஐந்தாவதான வெள்ளி டைகருக்கு நம் நாட்டிலேயே வேர் உண்டு. கங்கையின் மீன்களைப் பற்றி 1822-ல் பிரான்சிஸ் ஹாமில்டன் எழுதிய நூலில் அது விவரிக்கப்பட்டிருக்கிறது. கங்கைக் கழிமுகம் தொடங்கி இந்தோனேசியா வரை பரவியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பட்டையின் வடிவம் பிறவியில் வருவது, அது மாறாது. பட்டைகளுக்கு இடையிலுள்ள நிறம் பொன்னாக இருக்குமா, பழுப்பாக இருக்குமா, பட்டையே தெரியாதபடி மொத்தமாகக் கறுக்குமா என்பதுதான் நாளுக்கு நாள், சில வேளை நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது.

இந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்பது தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். மீனின் தோலில் மெலனோஃபோர் எனப்படும் கருநிறமிச் செல்கள் உள்ளன. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நுண்ணிய கறுப்புத் துகள்கள் உண்டு. அவை செல்லின் நடுவே குவிந்தால் தோல் வெளுக்கிறது. செல் முழுவதும் பரவினால் தோல் கறுக்கிறது. நரம்பின் கட்டளையிலும் ஹார்மோனின் கட்டளையிலும் இந்தக் குவிதலும் பரவலும் சில நிமிடங்களில் நடந்துவிடும். தேனீக்களின் நடன மொழியை ஆராய்ந்து 1973-ல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் ஃபிரிஷ், தம் இளமையில், 1911 வாக்கிலேயே, மின்னோ என்ற சிறு மீனில் நிறமாற்றத்தை நரம்பு மண்டலம் ஆள்கிறது என்று காட்டினார். இதைத் தவிர மெதுவான மாற்றம் ஒன்றும் உண்டு. ஒரே சூழலில் வாரக்கணக்கில் இருக்கும் மீனில் நிறமிச் செல்களின் எண்ணிக்கையே கூடவோ குறையவோ செய்கிறது. அதனால் கடையில் பார்க்கும் நிறம் இரண்டு கணக்குகளின் கூட்டுத்தொகை: அந்த நிமிடத்தில் மீன் என்ன உணர்கிறது என்பது ஒன்று, கடந்த சில வாரங்களாக எங்கே இருந்தது என்பது மற்றொன்று. நம் வீட்டில் அது எப்படி இருக்கும் என்பது இந்த இரண்டிலும் இல்லை.

கொளத்தூர்க் கடைகளின் தொட்டிகளை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். பெரும்பாலானவை மணல் இல்லாத வெறும் கண்ணாடித் தொட்டிகள். பின்னால் வெளிர் நீலமோ வெள்ளையோ, மேலே பிரகாசமான விளக்கு. கழுவ எளிது, மீனும் நன்றாகத் தெரியும் என்பதால் கடைக்கு இது வசதி. ஆனால் வெளிர்ந்த தளத்தின்மேல் வெளுப்பது மீன்களின் இயல்பான தற்காப்பு. அமெரிக்க உயிரியலாளர் பிரான்சிஸ் சம்னர் 1934-ல் வெளியிட்ட சோதனை இதற்கு நல்ல சான்று. கொசுப்புழுவை ஒழிக்க நம் ஊர்க் கிணறுகளிலும் விடப்படும் அதே கம்பூசியா மீன்களைக் கறுப்புத் தொட்டியிலும் வெள்ளைத் தொட்டியிலும் வாரக்கணக்கில் வைத்து, பிறகு பென்குயின்களுக்கு இரையாகக் காட்டினார். தளத்தின் நிறத்தோடு பொருந்திய மீன்கள் அதிகம் தப்பின. பொருந்தாதவை அதிகம் பிடிபட்டன. நிறம் மாறத் தெரிவது மீனுக்கு உயிர் காக்கும் திறமை. வெள்ளைத் தளத்தில் வெளுத்திருக்கும் டைகர் மீனைப் பார்த்து ‘நிறம் நிலைத்த மீன்’ என்று கூடுதல் விலை கொடுப்பவர், மீனின் பண்பு என்று நினைத்துத் தொட்டியின் பெயின்ட்டுக்குப் பணம் கொடுக்கிறார். அதே மீனைக் கருங்கல் சில்லுகளும் மரவேரும் பரப்பிய தொட்டியில் விட்டால் அது இரண்டு மூன்று படி கறுத்தே தீரும். அது நோயும் இல்லை, மோசடியும் இல்லை.

திண்டிவனத்தில் சாலை மேற்கே திரும்பியதும் நிலத்தின் முகம் மாறத் தொடங்குகிறது. செஞ்சியை நெருங்கும்போது குன்றுகள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிய உருண்டைப் பாறைகளாக நிற்கின்றன. ராஜகிரிக் கோட்டையை வியந்து பார்க்கும் பயணி, அந்தப் பாறை காலடியிலும் தொடர்கிறது என்பதை நினைப்பதில்லை. செஞ்சிக்கும் திருவண்ணாமலைக்கும் இடையிலான கடும்பாறை நிலத்தில், ஏரிகள் வற்றிய மாதங்களில் வீடுகளுக்கு ஆழ்துளைக் கிணறுதான் கதி. பாறை இடுக்குகளில் நெடுநாள் தங்கி வரும் அந்த நீரில் உப்புகள் அதிகம். பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விழும், சோப்பு நுரைக்காது. மீனுக்கு இதில் ஓர் இடர் இருக்கிறது, அது பைக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. மூடிய பையில் பல மணி நேரம் மூச்சு விடும் மீன் கரியமில வாயுவை வெளிவிட, நீரின் காரத்தன்மை குறைந்துகொண்டே போகிறது. அதே நேரத்தில் கழிவிலிருந்து அம்மோனியாவும் சேர்கிறது. காரம் குறைந்த நீரில் அந்த அம்மோனியா பெரும்பாலும் தீங்கு குறைந்த அயனி வடிவில் அடங்கிக் கிடக்கும். வீட்டுக்கு வந்ததும் பையை அவிழ்த்து, பழக்கப்படுத்துகிறேன் என்று காரமான போர் தண்ணீரைச் சிறிது சிறிதாக அதிலேயே ஊற்றினால், அடங்கியிருந்தது நச்சு வடிவத்துக்கு மாறுகிறது. பிஹெச் அளவு ஒரு புள்ளி ஏறினால் நச்சு அம்மோனியாவின் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. செவுள் எரிய, மீன் கறுக்கிறது. நெடுந்தூரம் வந்த பையைக் கட்டவிழ்க்காமல் தொட்டி நீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, வெப்பம் சமமான பின் பையைத் திறந்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுவதும், பைநீரைத் தொட்டியில் கொட்டாமல் இருப்பதும் இதனால்தான் நல்ல முறை.

ஊர் வந்து சேர்ந்த மீன் கறுத்திருப்பதற்கு நீர் மட்டுமே காரணமும் இல்லை. மீன்களுக்குள் நிறம் ஒரு பேச்சும்கூட. அட்லான்டிக் சால்மன் குஞ்சுகள் இடத்துக்காகச் சண்டையிடும்போது தோற்கும் மீன் உடலைக் கறுக்கவைத்துத் தன் பணிவைத் தெரிவிக்கிறது என்றும், அப்படிக் கறுத்த பிறகு வென்ற மீனின் தாக்குதல் குறைகிறது என்றும் 1999-ல் வெளியான ஆய்வு காட்டியது. டாட்னாய்டுகளிடமும் வளர்ப்பவர்கள் இதே ஒழுங்கைக் காண்கிறார்கள். ஒரே தொட்டியில் இரண்டு டைகர்களை விட்டால் வலியது பொன்னிறமாகத் தொட்டி நடுவே மிதக்கும். மெலியது கறுத்து ஃபில்டருக்குப் பின்னால் ஒதுங்கும். வலியதைப் பிரித்தெடுத்த சில நாளில், ஒதுங்கியது பொன்னாகி வெளியே வரும். அதே உடல், அதே மரபு, அதே உணவு. மாறியது அதன் நிலை மட்டுமே. எனவே கடைத் தொட்டியில் மிகவும் பிரகாசமான மீனையே தேர்ந்தெடுப்பவர், அந்தக் கூட்டத்தின் மிகப் பெரிய சண்டைக்காரனை வீட்டுக்குக் கொண்டுபோகிறார் என்பதற்கும் நிறைய வாய்ப்புண்டு. அந்தச் சண்டைக்காரன் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஆஸ்கரிடமோ அரோவானாவிடமோ தோற்றால், இங்கே அதுதான் கறுக்கும் மீன்.

அப்படியானால் கடையில் எதைப் பார்ப்பது? கால் மணி நேரமாவது தொட்டியின் முன் அசையாமல் நிற்க வேண்டும். முதல் பார்வையை விட, அந்தக் கால் மணி நேரத்தில் மீனிடம் நடக்கும் மாற்றமே பயன் தரும் சான்று. ஆள் நெருங்கியதும் கறுத்துப் பின்வாங்கிய மீன், ஆள் அசையாமல் நின்றபின் மெல்ல வெளுத்து முன்வருகிறதா? துடுப்புகளை உடலோடு ஒட்டி வைத்திருக்கிறதா, விரித்து வைத்திருக்கிறதா? செவுள் மூடி நிதானமாகவும் இரண்டு பக்கமும் ஒரே சீராகவும் அசைகிறதா? கண் தெளிவாக இருந்து, தொட்டிக்கு வெளியே நடப்பதைத் தொடர்கிறதா? டைகர் மீன் பதுங்கி வேட்டையாடும் இனம். மூழ்கிய மரங்களின் நிழலில், தலையைச் சற்றுத் தாழ்த்தி, அசைவில்லாமல் மிதப்பது அதன் இயல்பு. அந்த மிதப்பைச் சோர்வு என்று நினைத்துவிடக் கூடாது. நிதானமாக மிதந்தபடி கண்ணால் சுற்றிலும் அளப்பது நலமான மீன். மேல்மட்டத்தில் மூச்சுக்குத் தவிப்பதும், தரையில் ஒருபக்கம் சாய்ந்து கிடப்பதும் நலம் கெட்ட மீன். கடைசியாக, கடைக்காரரிடம் இரை போடச் சொல்லிப் பார்க்க வேண்டும். உயிர்மீன் தவிர வேறெதையும் தொடாத டைகரை, இறால் துண்டுக்கும் பிறகு உருண்டைத் தீனிக்கும் பழக்குவதற்கு மாதங்கள் ஆகலாம். கறுப்பாக இருந்தாலும் கண்ணெதிரே இறாலை விழுங்கும் மீன், பொன்னிறமாக நின்று இரையைத் திரும்பிப் பார்க்காத மீனை விட நூறு மடங்கு மேல்.

இதற்கு அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் சொல்லக்கூடிய மறுப்பு ஒன்று வலுவானது: கடையில் மீனின் நடத்தையும் இயல்பானதன்று, பயணக் களைப்பும் நெரிசலும் பசியும் அதைத் திரித்திருக்கின்றன, நிறத்தை நம்பக் கூடாதென்றால் நடத்தையை மட்டும் ஏன் நம்ப வேண்டும்? உண்மைதான், அந்த ஒரு கணத்தின் நடத்தையும் போதாது. அதனால்தான் மீளும் திறனைப் பார்க்கச் சொல்கிறேன். வெள்ளைத் தளம் நிறத்தைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும்; பயந்தபின் அமைதிக்குத் திரும்பும் வேகத்தையோ, இரையை நோக்கிப் பாயும் ஆர்வத்தையோ எந்தப் பெயின்ட்டாலும் எந்த விளக்காலும் உண்டாக்க முடியாது. இன்னொரு மறுப்பு மரபைப் பற்றியது: சில ஆறுகளிலிருந்து வரும் மீன்கள் மற்றவற்றை விட எளிதில் பொன்னிறமாக நிற்கின்றன, அதற்குத்தான் விலை என்பார்கள். பட்டையின் அகலத்திலும் அடிநிற மஞ்சளின் அளவிலும் மரபுக்குப் பங்கு உண்டு என்பதை ஏற்கிறேன். ஆனால் மரபு தருவது எல்லையை மட்டும். அந்த எல்லைக்குள் மீன் எங்கே நிற்கும் என்பதைத் தொட்டி தீர்மானிக்கிறது. மூன்றாவது, நிறத்தீனி பற்றிய நம்பிக்கை. மஞ்சளையும் சிவப்பையும் தரும் கரோட்டினாய்டுகளை மீனால் தன் உடலில் உற்பத்தி செய்ய முடியாது, உணவில்தான் பெற வேண்டும். இறாலின் ஓட்டிலும் தலையிலும் அவை நிறைய உண்டு. வாரக்கணக்கில் அவற்றைக் கொடுத்தால் மஞ்சள் ஆழப்படும். ஆனால் பயத்தால் பரவும் கறுப்பு அந்த மஞ்சளின் மேல் விழும் திரை. அதை விலக்கும் தீனி எந்தக் கடையிலும் இல்லை. நிறத்தையே குறியாக வைத்தால் வணிகம் எங்கே போய் நிற்கும் என்பதற்கும் நம் நாட்டு மீனே சாட்சி. நம் குளங்களில் வாழும் கண்ணாடி மீனின் ஒளி ஊடுருவும் உடலில் ஊசியால் சாயம் ஏற்றி உலகச் சந்தையில் விற்றார்கள். சாயம் மாதங்களில் மங்கியது. ஊசி போட்ட காயத்தையும் அதன்வழி வரும் நோயையும் மீன் சுமந்தது.

திருவண்ணாமலைக்குள் நுழைந்தபின் இந்த வாதம் இன்னும் நெருக்கமாகிறது. பௌர்ணமி இரவுகளில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுவதும் மக்கள் வெள்ளம். கார்த்திகைத் தீபத்தின்போது ஊரே உறங்குவதில்லை. பாதையோர வீடுகளில் விருந்தினர் வருவார்கள், விளக்கு விடிய விடிய எரியும், பிள்ளைகள் தொட்டிக் கண்ணாடியைத் தட்டுவார்கள். டைகர் மீன் அந்தியிலும் இருளிலும் நடமாடும் இனம். உடலின் இரு பக்கமும் ஓடும் உணர்கோட்டால் நீரின் மெல்லிய அதிர்வைக்கூட உணரும். இரவெல்லாம் விளக்கும் சத்தமும் சூழ்ந்த தொட்டியில் அது கறுத்துப் போவதில் வியப்பில்லை. அன்றைக்குத் தொட்டி விளக்கை அணைத்து, முன்புறம் ஒரு துணியைத் தொங்கவிடுவது எந்த மருந்தையும் விடப் பயன் தரும். வெயில் மற்றொரு சோதனை. ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தொடும் இந்த ஊரில் ஓட்டு வீட்டுத் தொட்டி நீர் 32 டிகிரிக்கு மேல் சுடலாம். 25 டிகிரி நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால், 32 டிகிரியில் 7 மில்லிகிராமை ஒட்டியே கரையும். அதே வெப்பத்தில் மீனின் ஆக்சிஜன் தேவையோ கூடுகிறது. மின்வெட்டு வந்து காற்றுக் குழாயும் நின்றால், நிறத்தைப் பற்றிய கவலை உயிரைப் பற்றிய கவலையாகிவிடும்.

அதோடு அளவு என்ற கேள்வியும் இருக்கிறது. விரல் நீளத்தில் வாங்கும் டாட்னாய்டு மெதுவாகத்தான் வளரும். அந்த மெதுவே வாங்குபவரை ஏமாற்றுகிறது. சயாமிய, இந்தோனேசிய டைகர்கள் 40 சென்டிமீட்டரை எட்டக்கூடியவை. முழு வளர்ச்சி அடைந்த மீன் திரும்பிப் புரள, ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத் தொட்டியாவது வேண்டும். அதில் கொள்ளும் நீர் ஏறத்தாழ 680 லிட்டர். அதாவது 680 கிலோ எடை, கண்ணாடியும் இரும்பு ஸ்டாண்டும் தனி. மாடி வீட்டில் அதை எங்கே நிறுத்துவது என்று கேட்காமல், வாரந்தோறும் அதில் நான்கில் ஒரு பங்கு நீரைக் கோடையில் எங்கிருந்து மாற்றுவது என்று கேட்காமல் மீனை வாங்கக் கூடாது. அதற்கும் மேலாக, சயாமிய டைகர் இயற்கையில் அழிவின் விளிம்பில் நிற்கும் இனம் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. அது பிறந்து வளர்ந்த சாவோ பிரயாவிலேயே இன்று அது இல்லை. நாங்கள் வாங்காவிட்டாலும் வேறொருவர் வாங்குவார் என்பது இதற்குப் பதிலாகாது. ஒவ்வொரு மீன் தொட்டியில் வீணாகச் சாகும்போதும், அதற்கு மாற்றாக இன்னொன்றைப் பிடிக்கச் சொல்லும் தேவை பிறக்கிறது.

திருவண்ணாமலையிலிருந்து முப்பது கிலோமீட்டர் தொலைவில், தென்பெண்ணையின் குறுக்கே 1958-ல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணையில் இந்தப் பயணத்தை முடிப்பது பொருத்தம். நிறத்தைப் பற்றி இதுவரை சொன்னதற்கெல்லாம் உயிருள்ள சான்று நம் அணைகளிலும் ஏரிகளிலும் நீந்துகிறது. ஜிலேபி மீனில் இடம் பிடித்த ஆண், முட்டையிடும் காலத்தில் உடல் கறுத்து, தொண்டை வெளுத்து, துடுப்பு ஓரம் சிவந்து நிற்கும். இடம் பிடிக்காத ஆண் சாம்பல் நிறமாகவே திரியும். விரால் குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் தாய்தந்தை காவலில் கூட்டமாக மேயும். வளர்ந்ததும் அந்தச் செம்மை தடமின்றி மறைந்து, சேற்றின் நிறத்தோடு கலந்துவிடும். அங்கே யாரும் இதைக் குறையாகச் சொல்வதில்லை. அதே ஜிலேபி நமக்கு எச்சரிக்கையும் ஆகிறது. 1952-ல் மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்ட அந்த ஆப்பிரிக்க மீன் இன்று தமிழகத்தின் நீர்நிலைகளையெல்லாம் நிறைத்து, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்திருக்கிறது. தொட்டி சுத்தம் செய்ய வாங்கிய சக்கர் மீனும் சென்னைச் சுற்றுவட்டார ஏரிகளில் குடியேறிவிட்டது. நிறம் போனதென்று சலித்தவர்களும் தொட்டி போதவில்லை என்று கைவிட்டவர்களும் மீனை ஏரியிலோ கோயில் குளத்திலோ விடுவதைப் புண்ணியம் என்று நினைக்கிறார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் நீர் வெளியேறி விழுப்புரம், கடலூர் மாவட்டங்களைச் சூழ்ந்தது. இந்த ஆற்றோடு தொடர்புள்ள ஏதோ ஓர் ஏரியில் விட்ட மீன் அந்த ஏரியோடு நிற்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

என் தீர்ப்பு இதுதான். 680 லிட்டர் தொட்டிக்கு இடமும், கோடையிலும் மாற்ற நீரும், மின்வெட்டுக்குத் தாங்கும் காற்று வசதியும், பத்தாண்டுக்கு மேல் உடனிருக்கும் பொறுமையும் உள்ள வீட்டார் டைகர் மீனை வளர்க்கலாம். அவர்கள் அகலப் பட்டைச் சயாமிய மீனைத் தேடாமல் இருப்பது நல்லது. ஒன்றை மட்டும் வளர்க்கட்டும். இல்லையென்றால் ஒரே அளவுள்ள ஐந்தாறை ஒரே நாளில் விடட்டும். இரண்டை மட்டும் சேர்த்து வைக்க வேண்டாம். கருமணலும் மரவேரும் மங்கிய ஒளியும் கொடுத்து, அது கறுத்திருக்கும் முதல் சில மாதங்களைப் பொறுத்துக்கொள்ளட்டும். அந்த வசதியில்லாத வீட்டுக்கு, மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரையடி உயரத் தொட்டியில் எட்டுப் பத்து டைகர் பார்ப்கள் போதும். நீள்துடுப்புள்ள கப்பியையும் ஏஞ்சலையும் அவற்றோடு விடாமல் இருந்தால், பட்டைகளின் அழகு முழுவதும் அந்தத் தொட்டியிலேயே கிடைக்கும். எந்த மீனாக இருந்தாலும் வளர்க்க முடியாமல் போனால் கடையில் திருப்பிக் கொடுங்கள், இன்னொரு வளர்ப்பாளரிடம் கொடுங்கள். ஏரியிலும் ஆற்றிலும் குளத்திலும் விடாதீர்கள்.